கீரை ஒரு வாரம் தாங்க வழி சொல்லுங்களேன்

வணக்கம். வாரம் ஒருமுறை மட்டும் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கினால் செலவு குறைகிறது, ஆனால் கீரை மூன்றாம் நாளே அழுகிவிடுகிறது. கொத்தமல்லிக்கு வழி உண்டு: கழுவாமல், பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு, டிஷ்யூ தாளில் சுற்றி டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றினால் 10 நாள் வரை தாங்கும். ஈரம்தான் எதிரி. கறிவேப்பிலையை உருவி, ஈரம்போகத் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் அப்படியே தாளிக்கலாம் (பனி ஒட்டியிருந்தால் எண்ணெய் தெறிக்கும், கவனம்).

முருங்கைக்கீரைதான் பிடிபடவில்லை. காம்போடு வைத்தால் உதிர்கிறது, உருவி வைத்தால் கறுக்கிறது. கொதிநீரில் 1 நிமிடம் போட்டு, குளிர்நீரில் ஆற்றி, பிழிந்து உறையவைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கூட்டுக்குச் சரி, பொரியலுக்கும் சரிவருமா? அரைக்கீரைத் தண்டை வீணாக்காமல் சமைக்கும் பக்குவம் தெரிந்தாலும் எழுதுங்கள்.