புதுப்பிப்பு: மூன்று மாதக் குழந்தையின் நீரிழிவு, மரபணுப் பரிசோதனை முடிவு

என் தங்கை மகனுக்கு மூன்று மாத வயதில் நீரிழிவு கண்டறியப்பட்டு இன்சுலின் தொடங்கியதைச் சொல்லி, மரபணுப் பரிசோதனை அவசியமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். முடிவு வந்துவிட்டது: கேசிஎன்ஜே11 மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமும் அது இல்லை. இவனிடம் புதிதாகத் தோன்றியிருக்கிறது.

கணையத்தின் பீட்டா செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில் ஒன்று உண்டு; அதன் ஒரு பகுதியை உருவாக்குவது இந்த மரபணுதான். இரத்தச் சர்க்கரை உயரும்போது அது மூடிக்கொண்டால்தான் கால்சியம் உள்ளே நுழைந்து, செல்லில் சேமிக்கப்பட்டிருக்கும் இன்சுலின் வெளிப்படும். இம்மாற்றம் உள்ளவர்களுக்கு வாயில் சரியாக மூடுவதில்லை. பெரியவர்களின் இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பல்லாண்டுகளாகத் தரப்படும் கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரை அதே வாயிலை நேரடியாக மூடிவிடுகிறது. 2006இல் வெளியான ஆய்வொன்றில், இம்மாற்றம் கொண்ட 49 பேரில் 44 பேரால் இன்சுலினை முற்றிலும் நிறுத்த முடிந்தது.

இவனுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பில் மாத்திரையைக் கூட்டி, ஊசியைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் பெரியவர்களைவிட அதிக அளவு தேவைப்படுவது முதலில் எங்களைப் பயமுறுத்தியது; இந்நோயில் அது வழக்கமானதுதான்.

“முதல் வகையாகத்தான் இருக்கும், பரிசோதனை வீண்செலவு” என்று இந்த இழையில் வந்த கருத்தை நான் ஏற்கவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்களை அழிக்கும் முதல் வகை நீரிழிவு, ஆறு மாத வயதுக்குள் மிக அரிது. எந்த மரபணுவில் கோளாறு என்பதைப் பொறுத்தே சிகிச்சையும் மாறும். அதே வாயிலின் மற்றொரு பகுதியை உருவாக்கும் ஏபிசிசி8 மரபணுவின் மாற்றத்துக்கும் பெரும்பாலும் இம்மருந்தே பலன் தரும். இன்சுலின் மரபணுவிலேயே கோளாறு என்றால் ஊசிதான் வழி. 6ஆம் குரோமோசோம் சார்ந்த வகையோ குழந்தைப் பருவத்திலேயே மறைந்து, பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் திரும்பக்கூடியது.