'முழுமையான', 'சார்பு' இரண்டும் வேண்டா: இடர்க் குறைவை அளக்கும் சொற்கள் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மருந்தாய்வுகளில் ஒரே விளைவை இரு வகையாகக் கணக்கிட்டுச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் absolute risk reduction, relative risk reduction எனப்படும் அவ்விரு கணக்குகளுக்கும் 'முழுமையான இடர்க் குறைப்பு', 'சார்பு இடர்க் குறைப்பு' என்று நம் குழுவில் முன்மொழியப்பட்ட சொற்களை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தயக்கத்தின் காரணத்தையும் மாற்றாக எனக்குத் தோன்றுவதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லைப் பேசுமுன் எண்ணைப் பார்த்துவிடுவோம். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் என்ற மருந்தைப் பற்றி 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோய் ஏற்கெனவே இருந்த, இரத்தக் கொழுப்பு மிகுந்த 4,444 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 2,223 பேரில் 256 பேரும், மருந்து பெற்ற 2,221 பேரில் 182 பேரும் இறந்தார்கள். அதாவது, அங்கே நூற்றுக்கு 11.5, இங்கே நூற்றுக்கு 8.2. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 3.3 வருகிறது, அந்த 3.3-ஐ மீண்டும் 11.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29 சதவீதம் வருகிறது. (யார் எப்போது இறந்தார் என்பதையும் கணக்கில் சேர்த்து ஆய்வாளர்கள் அறிவித்த எண் 30 சதவீதம்.) மருந்து ஒன்று, நோயாளிகளும் அவர்களே, இறப்புகளும் அவையே. ஆனால் 3.3 என்று கேட்பவர் மனத்தில் எழும் மருந்தும் 30 என்று கேட்பவர் மனத்தில் எழும் மருந்தும் வேறு வேறு.

இப்போது 'முழுமையான இடர்க் குறைப்பு' என்ற சொல்லை இந்த 3.3-க்குச் சூட்டிப் பாருங்கள். தமிழில் 'முழுமையான' என்றால் மிச்சமில்லாத, நிறைவான என்பதே பொருள். முழுமையான மதுவிலக்கு, முழுமையான அடைப்பு என்று சொல்லிப் பழகிய காதுக்கு, முழுமையான இடர்க் குறைப்பு என்பது இடரை அறவே நீக்கிவிட்டதாகத்தான் கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் நோயாளிகளுக்கான தகவல் தாள் ஒன்றை நான் மொழிபெயர்த்தபோது, வேறு சொல் கிடைக்காமல் இதையே எழுதி, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். "முழுசாகக் குறைந்துவிடும் என்று போட்டுவிட்டு அப்புறம் ஏன் 3 சதவீதம் என்கிறாய்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இரண்டு அளவுகளில் சிறியதைக் குறிக்கும் சொல்லே பெரியதாக ஒலிக்கிறது என்பதைவிட ஒரு கலைச்சொல்லுக்கு வேறு என்ன குறை வேண்டும்?

'தனி இடர்' என்று மாற்றலாம் என்பவர்கள் தனி வெப்பநிலையைச் (absolute temperature) சான்று காட்டுகிறார்கள். இயற்பியலில் அச்சொல் நிலைத்துவிட்டது என்பது உண்மையே. மருத்துவத்தில் 'தனி இடர்' என்றால் தனி ஒருவருக்கு உள்ள இடர் என்றே யாரும் படிப்பார்கள். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரிக்கு அப்படி ஒரு பெயர் வைப்பது வேடிக்கை.

'சார்பு' இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் சார்பு என்பது மாறிகளைத் தொடர்புபடுத்தும் கோவை. பொது வழக்கில் அது ஒரு பக்கம் சாய்தல். ஆய்வு முறையைப் பற்றிய பத்தியில் 'சார்புக் குறைப்பு' என்று எழுதினால், ஆய்வாளரின் ஒருபக்கச் சாய்வைக் குறைத்தார்கள் என்று பொருள் கொள்வதற்கு எல்லா நியாயமும் உண்டு. 'ஒப்பு' என்று எழுதலாம். ஒப்படர்த்தி என்று பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் ஒப்புக்குக் குறைத்தார்கள் என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு.

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஓரிடத்திலிருந்து பிறக்கின்றன என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் அடைமொழி இருப்பதால் நாமும் அடைமொழி தேடுகிறோம். குறைப்பில் இரண்டு வகை இருப்பது போலவும், ஒன்று முழுமையானது மற்றது சார்ந்தது போலவும் எழுதுகிறோம். உண்மையில் குறைந்தது ஒன்றே. அதை அளக்கும் கோல்தான் இரண்டு. மேலும், தமிழில் 'இன்ன குறைப்பு' என்று தொகையாக எழுதினால் வாசகர் இயல்பாக அதை இரண்டாம் வேற்றுமையில் விரிப்பார்: விலைக் குறைப்பு விலையைக் குறைப்பது, ஆட்குறைப்பு ஆட்களைக் குறைப்பது. 'விகிதக் குறைப்பு' என்று எழுதினால் விகிதத்தைக் குறைத்தல் என்றே விரியும். ஆகையால் வேறுபாட்டை முன்னொட்டில் வைக்காமல், தமிழ்த் தொடரில் பொருள் நிற்கும் இடமாகிய கடைசிச் சொல்லில் வைக்க வேண்டும். அளவின் பெயரே இறுதியில் வரட்டும்.

கழித்து வரும் 3.3-க்கு 'இடர்க் குறைவு அளவு' என்றும், வகுத்து வரும் 29 சதவீதத்துக்கு 'இடர்க் குறைவுப் பங்கு' என்றும் நான் முன்மொழிகிறேன். முதலாவது எவ்வளவு குறைந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, இருந்த இடரில் எத்தனை பங்கு குறைந்தது என்று சொல்கிறது. ஓர் எச்சரிக்கை: புணர்ச்சி விதிக்குப் பணிந்து 'குறைவளவு' என்று சேர்த்து எழுத வேண்டா. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அதைக் 'குறை வளவு' என்று பிரித்து, யாருடைய வீட்டு வளவில் (வீட்டைச் சுற்றிய நிலத்தில்) என்ன குறை என்று கேட்டார்.

'குறைவு' என்பது நிலையைக் குறிக்கும் சொல், மாற்றத்தைக் குறிப்பதில்லை; எனவே 'குறைப்பு' அல்லது 'குறைதல்'தான் பொருந்தும் என்று குழுவில் எழுதியவருக்கு மறுமொழியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரத்தக் குறைவு, எடைக் குறைவு என்பவை நிலைகள்தாம். ஆனால் இத்தகைய ஆய்வுகளில் அளக்கப்படுவது பெரும்பாலும் மாற்றம் அல்ல. பிரிட்டனில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களைப் பத்தாண்டு அளவில் பின்தொடர்ந்து 1998-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வை நினைவில் கொள்ளுங்கள். மூன்று மாதச் சர்க்கரை என்று நம் நோயாளிகள் சொல்லும் எச்பிஏ1சி, கடுமையான கட்டுப்பாட்டில் இருந்த பிரிவில் 7.0 சதவீதமும் வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 7.9 சதவீதமும் இருந்தது. இதை 11 சதவீதக் குறைவு என்று அக்கட்டுரை சொல்கிறது. அங்கே யாருடைய சர்க்கரையும் 7.9-இலிருந்து 7.0-க்கு இறங்கவில்லை. தொடக்கத்து இறக்கத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டுப் பிரிவிலும் அது ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டுதான் வந்தது. மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது, அவ்வளவே. "அண்ணனைவிடத் தம்பி உயரம் குறைவு" என்று சொல்லும்போது தம்பி குள்ளமாகிக்கொண்டு வருகிறான் என்று எவரும் நினைப்பதில்லை. எனவே இரு பிரிவுகளை ஒப்பிடும் இடத்தில் 'குறைவு', ஒரே ஆளைக் காலத்தில் முன்னும் பின்னும் பார்க்கும் இடத்தில் 'குறைதல்', மருந்தைக் கருத்தாவாக்கிப் பேசும் இடத்தில் 'குறைப்பு' என்று மூன்றையும் பிரித்து ஆளலாம். ஆங்கிலக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே சொல்லால் பூசி மெழுகும் இந்த வேறுபாட்டைத் தன்வினை, பிறவினையால் தெளிவாகக் காட்டும் வசதி நமக்கு இருக்கும்போது அதை ஏன் கைவிட வேண்டும்?

அதே எச்பிஏ1சி இன்னொரு குழப்பத்துக்கும் வழிசெய்கிறது. அந்த அளவே சதவீதத்தில் இருப்பதால், 8-இலிருந்து 7-க்கு வந்தவருக்கு 1 சதவீதம் குறைந்ததா, 12.5 சதவீதம் குறைந்ததா? இதற்குச் 'சதவீதப் புள்ளி' என்று செய்தித்தாள்களில் வருவதை ஏற்றுக்கொள்ளலாம். உரக்கப் படிக்கும்போது "3 புள்ளி 3 சதவீதப் புள்ளி" என்று நாக்கு இடறும் என்பது மட்டுமே குறை. பொதுமக்களுக்கான தாள்களில் அதையும் விட்டுவிட்டு "நூறு பேரில் 3 பேர்" என்று எழுதுவதே நல்லது.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேற்றுமை உருபு. "இறப்பு 8 சதவீதம் குறைந்தது", "இறப்பு 8 சதவீதமாகக் குறைந்தது" என்ற இரு தொடர்களுக்கும் இடையே இருப்பது 'ஆக' ஒன்றுதான். தலைப்பில் இடம் போதாமல் அதை வெட்டிவிட்டால் 11.5-இலிருந்து 8-க்கு வந்த செய்தி, 8 குறைந்து 3.5-க்கு வந்த செய்தியாகிவிடும். இதில் இலங்கைத் தமிழிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. அங்கே நாளிதழ்களில் "எரிபொருள் விலை 10 ரூபாவால் குறைப்பு" என்று எழுதுகிறார்கள். எவ்வளவு குறைந்தது என்பதற்கு 'ஆல்', எதுவரை குறைந்தது என்பதற்கு 'ஆக'. இந்த இரண்டையும் கட்டாயமாக்கினால் அறிவியல் உரைநடையில் பாதிக் குழப்பம் தீரும். மாறாக, அங்கே சதவீதத்துக்கு 'வீதம்' என்று வழங்குவதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. இறப்பு வீதம் 8 வீதத்தால் குறைந்தது என்று எழுத நேரும்.

கூடுதலுக்கும் இதே முறை பொருந்தும்: 'உயர்வு அளவு', 'உயர்வுப் பங்கு'. இது சொல்லாராய்ச்சிக்காரர்களின் வீண் கவலை அல்ல என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது போதும். புதிய தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் குழாய்க்குள் இரத்தக் கட்டு ஏற்படும் இடர் இரு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆகியிருந்தது. உயர்வு அளவு 7,000-இல் ஒன்று. உயர்வுப் பங்கு நூறு சதவீதம். இரண்டாவது எண் மட்டுமே மக்களைச் சென்றடைந்தது. பெண்கள் பலர் அச்சத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னர் மதிப்பிட்டார்கள். கருவுற்றிருக்கும்போது இரத்தக் கட்டு உண்டாகும் இடர், அந்த மாத்திரையால் உண்டாவதைவிட அதிகம்.

கடைசியாக 'மடங்கு'. ஏறுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. "மூன்று மடங்கு குறைந்தது" என்பதற்குக் கணக்கில் பொருளே இல்லை. மூன்றில் ஒரு பங்கானது என்று எழுதலாமே. கிருமிநாசினிகளிலும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் வரும் மடக்கைக் (log) கணக்கை இப்படி மொழிபெயர்த்துவிட்டால் பிழை பெருத்துப்போகும்: அங்கே 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது, 99.9 சதவீதம் போய்விட்டது என்று பொருள். இதற்குப் 'பதின்படி' என்று ஒரு சொல்லை வைத்துப் பார்க்கிறேன். ஒரு படி இறங்கினால் பத்தில் ஒன்று, இரு படி இறங்கினால் நூறில் ஒன்று. "மூன்று பதின்படி குறைந்தது" என்பது புதிதாகக் கேட்டாலும் தவறாகக் கேட்கவில்லை. படி என்பது முகத்தலளவையும் ஆகுமே என்று ஒருவர் கேட்கக்கூடும். இரத்தத்தை யாரும் படியால் அளக்கப்போவதில்லை என்பதால் விட்டுவிடலாம்.

மரபணு வெளிப்பாட்டைப் பற்றிய கட்டுரைகளில் பத்துக்கு மாறாக இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை வருகிறது. அங்கே புதுச்சொல்லே தேவையில்லை. ஒவ்வொரு படிக்கும் பாதியாக இறங்கும் அந்த வரிசைக்கு அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் பழைய வாய்பாட்டில் பெயர்கள் ஆயத்தமாக இருக்கின்றன. மரபணு ஒன்றின் வெளிப்பாடு வீசமாகக் குறைந்தது என்று எழுதினால் பதினாறில் ஒன்றானது என்று பொருள். 'ஆக' மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.