மறு: கைம்மையா, கைத்திறனா? திருகும் புரியும்

அன்பின் நண்பர்களுக்கு,

ஹெலிசிட்டி (helicity), கைராலிட்டி (chirality, இடக்கை வலக்கை போன்ற வேறுபாடு) என்ற இரண்டு துணிக்கைப் பௌதிகச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த மடல் இழையில், கைராலிட்டிக்குச் சென்னை நண்பர் 'கைம்மை' என்று முன்மொழிந்திருந்தார். சொல்லாக்கத்தில் பிழை சொல்ல முடியாது. கைக்குரிய கிரேக்கச் சொல்லை வைத்துத்தான் பௌதிகவியலாளர் கெல்வின் பிரபுவும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயரை உண்டாக்கினார். ஆனால் நான் படிப்பிப்பது வன்னியில். என் வகுப்பில் தேர்ச்சி அறிக்கைக்குத் தாய் மட்டுமே கையெழுத்து வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் கரும்பலகையில் 'நியூத்திரினோவின் கைம்மை' என்று எழுத எனக்குக் கை வராது. 'கைத்திறன்' அதற்குப் பரவாயில்லை. ஆனால் அது பனையோலைப் பெட்டி இழைக்கிறவர்களுடைய சொல்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த இழையில் ஹெலிசிட்டியும் கைராலிட்டியும் ஒன்றாகக் குழைந்து கிடப்பது. சொல் தேட முன் அதைப் பிரித்துவிடுவோம்.

மாங்குளத்தில் தெரிந்தவர் ஒருவரின் கராச்சில் பழைய ட்ரக்டரின் ரேடியேற்றர் விசிறியைக் கழற்றி வைத்திருந்தார்கள். வேலை பழகும் பொடியன் அதை முன்பின்னாகப் பூட்டிவிட்டான். இனிக் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் என்று நான் நினைத்தேன். மெக்கானிக் சிரித்தார்: "இல்லை சேர், மாறிப் பூட்டினாலும் காத்து அதே பக்கம்தான் வரும், வேகம்தான் குறையும்." உண்மைதான். இதழ்களின் சாய்வில் ஒரு முறுக்கு இருக்கிறது. விசிறியை எப்படித் திருப்பினாலும் அது மாறாது. கண்ணாடியில் தெரியும் விசிறிக்குத்தான் எதிர்முறுக்கு.

இப்போது அதே ட்ரக்டர் ஏ9 வீதியில் வவுனியா நோக்கிப் போகிறது. சாரதியின் இருக்கையிலிருந்து பார்த்தால் விசிறி மணிக்கூட்டுத் திசையில் சுற்றுகிறது என்று வைப்போம். வலக்கை விரல்களைச் சுற்றும் பக்கம் மடக்கினால் பெருவிரல் வவுனியாவைக் காட்டும். போகும் திசையும் அதுவே. ஆக வலத்திருகு. பின்னால் வந்த பஸ் ஒன்று முந்துகிறது. பஸ்ஸில் இருப்பவருக்கு ட்ரக்டர் கிளிநொச்சிப் பக்கம் பின்வாங்குகிறது, ஆனால் விசிறி சுற்றுவது மாறவில்லை. அவர் கணக்கில் அது இடத்திருகு.

இதுதான் ஹெலிசிட்டி. துணிக்கையின் கறங்கல் (நீங்கள் தற்சுழற்சி என்பது) அதன் உந்தத்தின் திசையிலா, எதிராகவா என்பது. திணிவுள்ள இலத்திரனை முந்திக்கொண்டு போகிறவருக்கு அது மாறித் தெரியும். ஒளிவேகத்தில் போகும் திணிவற்ற துணிக்கையை யாராலும் முந்த முடியாது, அதனால் அதற்கு மாறாது. (திணிவு என்றால் உங்கள் 'நிறை'. எங்கள் நிறை உங்கள் 'எடை'. இந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

கைராலிட்டி இதழின் சாய்வு போன்றது. எந்த பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். ஆனால் உவமை இந்த இடத்தில் முறிகிறது. விசிறியின் சாய்வு ஒருநாளும் மாறாது. இலத்திரனிலோ, அதன் இயக்கத்தைச் சொல்லும் டிராக் சமன்பாட்டின் திணிவு உறுப்பு இடக் கூறையும் வலக் கூறையும் (இட, வலக் கைராலிட்டி உள்ள பகுதிகளை) ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. தன்பாட்டில் போகும் இலத்திரனின் ஹெலிசிட்டி வழியில் மாறாது, பார்ப்பவரைப் பொறுத்து மாறும். கைராலிட்டி பார்ப்பவரைப் பொறுத்து மாறாது, ஆனால் வழியில் நிலைக்காது. திணிவு இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

மென்விசை (துணிக்கைகளின் சில சிதைவுகளை நடத்தும் விசை) பார்ப்பது கைராலிட்டியை. அந்த விசையைக் கடத்தும் W துணிக்கை, துணிக்கைகளின் இடக் கூறையும் எதிர்த்துணிக்கைகளின் வலக் கூறையும் மட்டுமே தொடும். ஆனால் 1958இல் கோல்ட்ஹேபர் என்ற பௌதிகவியலாளரின் குழு நியூத்திரினோ (மின்னேற்றம் இல்லாத மிக இலேசான துணிக்கை) 'இடக்கை' என்று அளந்தபோது, அளந்தது ஹெலிசிட்டியை.

பையான் என்ற குறுவாழ்வுத் துணிக்கை, பொசித்திரனாகவும் (இலத்திரனின் எதிர்த்துணிக்கை) நியூத்திரினோவாகவும் சிதைவதைப் பாருங்கள். நேர்மின் பையானுக்குக் கறங்கல் இல்லை. நியூத்திரினோ இடத்திருகோடு ஒரு பக்கம் போனால், கோண உந்தம் சமப்பட பொசித்திரனும் இடத்திருகோடு மறுபக்கம் போக வேண்டும். மென்விசை தருவதோ வலக் கூறு. பொசித்திரன் இலேசு, ஒளிவேகத்தை ஒட்டிப் பறப்பது. அதன் வலக் கூறு ஏறத்தாழ முழுக்க வலத்திருகுதான். அதனால் அந்த வழி 10,000இல் ஏறத்தாழ ஒருமுறைதான் நடக்கும். பையான் பெரும்பாலும் பொசித்திரனுக்குப் பதிலாக மியூவானைத்தான் தருகிறது. இலத்திரனின் திணிவு கூடிய உறவான மியூவான் மெதுவாகப் போவதால் அதற்கு வழி கிடைக்கிறது. ஹெலிசிட்டி, கைராலிட்டி இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து இந்தப் பந்தியை எழுதிப் பாருங்கள்.

என் முன்மொழிவு: ஹெலிசிட்டிக்குப் 'போக்குத்திருகு'. போக்கு இல்லாமல் அது இல்லை. கைராலிட்டிக்குப் 'புரிமை', சங்கின் வலம்புரி, இடம்புரி போல. பலர் புரியை ஹெலிசிட்டிக்குக் கேட்டிருந்தீர்கள். ஆனால் சங்கை எப்படிப் புரட்டினாலும் புரி மாறாது. 'புரி எனக்குப் புரியவில்லை' என்ற பகிடி உங்கள் பக்கம் வரும். எங்கள் பிள்ளைகள் 'விளங்கேல்லை' என்பதால் நாங்கள் தப்பினோம்.

கிளிநொச்சியிலிருந்து,
ஒரு பௌதிகவியல் ஆசிரியர்

———

ஐயா, வணக்கம்.

கைம்மையைத் திரும்பப் பெறுகிறேன். அகராதியில் பார்த்த சொல், அதைச் சுமக்கிறவர்களை நினைக்கவில்லை.

சங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. கோயில்களில் போற்றும் அரிய வலம்புரிச் சங்கை விலங்கியலில் இடச்சுருள் என்கிறார்கள். நுனியை மேலே பிடித்தால் வாய் ஒரு பக்கம், கீழே பிடித்தால் மறுபக்கம். மாணவர் எதை எடுத்துக்கொள்வார்?

———

தம்பி, நல்லாய்ப் பிடித்தீர்கள். பிடித்த விதத்தில் பெயர்தான் மாறுகிறது, சங்கு மாறவில்லை. அதனால் புரி இருக்கட்டும், வலம்புரியும் இடம்புரியும் சங்குக்கே போகட்டும். நமக்கு வலப்புரி, இடப்புரி. வரையறையிலேயே ஒரு வரி: திணிவற்ற துணிக்கையில் வலப்புரி என்றால் வலத்திருகு. எதிர்த்துணிக்கைக்கு எப்படி எண்ணுவது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

'புரிமை'யையும் கைவிடுகிறேன். நேற்று வகுப்பில் 'இடப்புரிமை' என்று சொல்லிப் பார்த்தேன். பின்வாங்கில் ஒருத்தி, "காணி உரிமையோ சேர்?" என்று கேட்டாள். இங்கே அந்தச் சொல்லுக்குக் காது எப்போதும் திறந்தே இருக்கும். 'புரித்தன்மை' என்று போடுங்கள்.

போக்குத்திருகைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.