கார்பெட் க்ளீனிங் முடிந்த பிறகும் வாடை: கஸ்டமர் புகார்களுக்கு என்ன வழி?

கேட்டவர்: கறைநீக்கி_சென்னை

வணக்கம். சென்னையில் வீடு, ஆபீஸ் கார்பெட் சுத்தம் செய்யும் வேலை. மெஷின், ஸ்ப்ரே அடித்து உறிஞ்சும் 20 லிட்டர் எக்ஸ்ட்ராக்‌ஷன் வகை. மழை ஆரம்பித்ததிலிருந்து வாடை என்று மூன்று புகார்.

ஒன்று, 900 சதுர அடி ஆபீஸ். சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்பெட். சனிக்கிழமை மாலை முடித்துக் கொடுத்தோம், திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் புளித்த வாடையாம்.

இரண்டு, நாய் வளர்க்கும் வீடு. ஹாலில் 6க்கு 9 அடி சிந்தெடிக் விரிப்பு. கழுவுவதற்கு முன் லேசாகத்தான் இருந்தது, இப்போது மூத்திர நாற்றம் தாங்கவில்லை என்கிறார். மறுபடி இரண்டு தடவை ஷாம்பு போட்டோம், கூடத்தான் செய்கிறது.

மூன்று, 5க்கு 8 கம்பளி கார்பெட், பின்புறம் துணி ஒட்டியது. ஒரு மாதிரி ரப்பர் வாடை, போகவே இல்லை.

ஷாம்பு லிட்டருக்கு 50 மிலி, போர் தண்ணீர், கடைசியில் வாசனை ஸ்ப்ரே. மூன்றையும் திரும்பக் கழுவலாமா? பணம் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: ஈரமானி

திரும்பக் கழுவ வேண்டாம். மூன்றும் மூன்று வேறு வாடை. வாடை எப்போது கிளம்புகிறது என்று கஸ்டமரிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போது மட்டும் ஆட்டு வாடை அடித்து, காய்ந்ததும் போய்விட்டால் அது கம்பளியின் இயல்பு, பயம் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மக்கின வாடை என்றால் காயவில்லை. வெயில் நாளில் ஒன்றுமில்லை, மழை நாளில் மூக்கைத் துளைக்கிறது என்றால் மூத்திர உப்பு.

முதலில் ஆபீஸ். சனி மாலை வேலை முடிந்ததும் ஏசியை அணைத்துப் பூட்டியிருப்பார்கள், ஞாயிறு முழுக்க ஈரத்தோடு மூடிக் கிடந்திருக்கும். 24 மணி நேரத்துக்குள் காயாத கார்பெட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வேலையை ஆரம்பித்துவிடும். 6 முதல் 8 மணி நேரத்தில் காய்வதுதான் நல்ல வேலை. 12ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் அதிகம் விட்டிருக்கிறீர்கள். தண்ணீர் விடும் ட்ரிக்கரை அழுத்தி ஒரு தடவை இழுத்தால், அழுத்தாமல் மூன்று தடவை உறிஞ்ச வேண்டும். கடைசி இழுப்பில், உறிஞ்சும் வாயான கண்ணாடி ஹெட்டில் தண்ணீர் ஓடுவது தெரியக் கூடாது.

இந்த மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவைப்பது சென்னையில் எடுபடாது. வெளிக்காற்றிலேயே ஈரப்பதம் 80, 90 சதவீதம் இருக்கும்போது அது உள்ளே வந்து எதைக் காயவைக்கும்? ஜன்னலை மூடி, ஏசியை ட்ரை மோடில் அல்லது 26 டிகிரியில் விட்டு, தரையை ஒட்டிக் காற்று அடிக்கும் ப்ளோயர் வையுங்கள். 900 சதுர அடிக்கு மூன்று, நான்கு வேண்டும். சீலிங் ஃபேன் மட்டும் போட்டால் மேல் நுனி காயும், அடி ஈரமாகவே இருக்கும். காலால் மிதித்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று ஏமாறுவது இதனால்தான். அறைக்குள் ஈரப்பதம் 60க்குக் கீழே இறங்குகிறதா என்று ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள்.

இப்போது அங்கே செய்ய வேண்டியது: தண்ணீர் விடாமல் வெறும் உறிஞ்சல் ஒரு சுற்று, பிறகு லேசான அமில ரின்ஸ், மறுபடி உறிஞ்சல், இரவு முழுக்க ஏசியும் ப்ளோயரும். சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். போர் தண்ணீரின் காரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் பிஎச் தாள் வைத்து 4.5க்கும் 5.5க்கும் நடுவே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஷாம்பு மிச்சத்தைக் கழற்றவும் இதுவே உதவும். கெட்டித் தண்ணீரோடு சேர்ந்த ஷாம்பு பிசுக்காக இழையில் நின்றுவிடும். அழுக்கையும் பிடிக்கும், வாடையையும் பிடிக்கும். லிட்டருக்கு 50 மிலி என்பது உங்கள் பாட்டில் லேபிளில் போட்டிருக்கும் அளவுதானா என்று பாருங்கள்.

பதில்: பளிச்_ராஜா

நாய் மூத்திரத்துக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும் ப்ரோ. இல்லாவிட்டால் டெட்டால்.

பதில்: கம்பளிக்காரர்

தயவுசெய்து ப்ளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் குளோரமைன் வாயு கிளம்பும். மூடிய ஹாலில் கண்ணும் நெஞ்சும் எரியும். சிந்தெடிக் விரிப்பில் சாயம் வெளுக்கலாம், கம்பளியில் ஊற்றினால் இழையே கரைந்து போகும். டெட்டால் வாடையை மூடும், எடுக்காது. அதைவிட, கிருமிநாசினி போட்ட இடத்தில் அடுத்து என்சைம் (மூத்திரக் கறையைச் சிதைக்கும் திரவம்) போட்டால் அது வேலை செய்யாது.

கழுவியதும் நாற்றம் கூடுவதற்குக் காரணம் இது. பழைய மூத்திரம் காய்ந்து யூரிக் அமிலப் படிகமாகவும் உப்பாகவும் அடியில் உட்கார்ந்திருக்கும். யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது, ஷாம்புவுக்கும் மசியாது. உப்போ காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். நீங்கள் நனைத்ததும் உறங்கிக் கிடந்த பாக்டீரியா விழித்துக்கொண்டது, அம்மோனியா மேலே வருகிறது. ஒவ்வொரு தடவை ஷாம்பு போடும்போதும் அதே கதை, கூடவே கறை இன்னும் பரவும்.

365 நானோமீட்டர் யூவி டார்ச் வாங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு விரிப்பின் மேலும், புரட்டிப் போட்டு அடியிலும் பாருங்கள். மூத்திரம் மங்கின மஞ்சளாக ஒளிரும். மொத்தமும் நீலமாகப் பளபளத்தால் அது துணி சோப்புத் தூளில் இருக்கும் வெண்மையாக்கி. யாரோ அதைப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். மேலே தோசை அளவு கறை என்றால் அடியில் அதைவிடப் பெரிதாகவே இருக்கும். சாக்பீஸால் ஓரம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டாத விரிப்பு என்பதால் உங்களுக்கு வசதி. தரையில் வைத்து மெஷின் ஓட்டுவதை விட்டு, வெளியே எடுத்துப் போங்கள். முதலில் வெறும் தண்ணீரில் அலசி உறிஞ்சி, போட்ட ஷாம்புவையும் ஸ்ப்ரேயையும் வெளியே எடுங்கள். பிறகு புரட்டிப் போட்டு, பின்பக்கம் வழியாக என்சைம் ஊற்றுங்கள். மேலே தூவினால் போதாது, மூத்திரம் போன ஆழத்துக்கு என்சைம் போக வேண்டும். லேபிளில் உள்ள நேரத்துக்கு ஈரம் காயாமல் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வையுங்கள். பழைய கறை என்றால் ஒரு இரவு. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கூடாது, என்சைம் செத்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு இருபுறமும் நன்றாக அலசி, உறிஞ்சி, இரண்டு மூங்கில் மேல் பரப்பிக் காயப்போடுங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டால் தண்ணீர் ஒரு ஓரமாக இறங்கி அங்கே பழுப்புக் கோடு விழும்.

இன்னொன்று. விரிப்பு கிடந்த தரையைப் பார்த்தீர்களா?

கேட்டவர்: கறைநீக்கி_சென்னை

நன்றி அண்ணா. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். பின்பக்கம் நான்கு இடம், சோபா பக்கம் ஒரே குவியல். தரை விட்ரிஃபைட் டைல்ஸ், இடுக்கிலும் மஞ்சளாகத் தெரிகிறது.

பதில்: கம்பளிக்காரர்

அப்படியென்றால் விரிப்பை எவ்வளவு கழுவினாலும் புகார் நிற்காது. டைல் குடிக்காது, இடுக்கில் இருக்கும் சிமெண்ட் க்ரௌட் குடிக்கும். அங்கேயும் அதே என்சைமை ஊற்றி ஈரத்துணி போட்டு மூடுங்கள், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டு உறிஞ்சுங்கள். சோபா காலடியையும் பாருங்கள். ஆண் நாய் என்றால் விரிப்பைவிட அதுதான் முதலில். தரை முழுக்கக் காய்ந்த பிறகே விரிப்பைத் திரும்பப் போட வேண்டும்.

பதில்: மெஷின்_மெக்கானிக்

மூன்று இடத்திலும் வாடை என்றதும் எனக்கு மெஷின் மேல்தான் முதல் சந்தேகம். அழுக்குத் தண்ணீர் டேங்கின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். ஃப்ளோட் வால்வின் சல்லடை, உறிஞ்சும் குழாயின் உள்பக்கம், ஹெட்டின் இடுக்கு, மூன்றிலும் முடியும் வழவழப்பும் சேர்ந்திருக்கும். மோட்டாரிலிருந்து வெளியே வரும் காற்று அந்த டேங்க் வழியாகத்தான் வருகிறது. வேலை செய்யும்போதே ரூமில் வாடையைப் பரப்பும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் 5 லிட்டர் நல்ல தண்ணீரை உறிஞ்சவிட்டு ஊற்றிவிடுங்கள், மூடியைத் திறந்தே காயவையுங்கள், குழாயைச் சுருட்டாமல் தொங்கவிடுங்கள். நல்ல தண்ணீர் டேங்கில் ராத்திரி கலவையை விட்டுவைக்கவே கூடாது.

பதில்: ஈரமானி

மூன்றாவது கார்பெட் இன்னும் பாக்கி. பின்னால் துணி ஒட்டியிருக்கிறது என்றால் அது கையால் டஃப்ட் செய்தது, அதாவது அடித்துணியில் இழையைக் குத்திச் செருகியது, முடிச்சுப் போட்டு நெய்தது இல்லை. முடிச்சுக் கார்பெட்டில் முன்பக்க டிசைன் பின்பக்கத்திலும் தெரியும். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கமிருந்து நிறைய வருவது இந்த டஃப்டட் வகை. இழை பிடித்து நிற்பதற்காக உள்ளே லேடெக்ஸ் என்ற ரப்பர் பசை பூசி, அதன் மேல் பருத்தித் துணி ஒட்டுவார்கள். லேடெக்ஸ் பழையதாகும்போது, அல்லது தரம் குறைந்ததாக இருந்தால், ரப்பரும் கந்தகமும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். துணியைத் தட்டும்போது வெள்ளைத் தூள் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். எந்த ஷாம்புவும் என்சைமும் இதற்கு மருந்தில்லை. நனைத்தால் துணி கழன்றும் வரும். பின்துணியைப் பிரித்து, பழைய லேடெக்ஸைச் சுரண்டி, புதிதாகப் பூசி ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். செலவு கார்பெட் விலையைத் தொட்டுவிடும் என்பதால் சாதாரண கார்பெட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

கேட்டவர்: கறைநீக்கி_சென்னை

தட்டிப் பார்த்தேன், மாவு மாதிரி கொட்டுகிறது. இதைக் கஸ்டமரிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் கழுவியதால்தான் என்பார்.

பதில்: ஈரமானி

தூள் கொட்டுவதை அவர் முன்னாலேயே தட்டிக் காட்டி வீடியோ எடுங்கள். ஒரு தடவை கழுவியதால் மட்டும் லேடெக்ஸ் இப்படிப் பொடியாகாது, வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் நீங்கள் நனைத்ததால் வாடை தூக்கியிருக்கலாம், அதை மறைக்காதீர்கள். கழுவிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கார்பெட் விலைக்குப் பொறுப்பேற்காதீர்கள். ஆபீஸ் உங்கள் கணக்கு, காயவைக்காதது உங்கள் வேலையில் சேர்ந்தது. இலவசமாகப் போய்ச் செய்யுங்கள். நாய் வீட்டில் முதல் கூலியோடு நிறுத்திக்கொண்டு, என்சைம் வேலைக்குத் தனியாகப் பேசுங்கள்.

இனி வேலைக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று போய்விடட்டும்: "உங்கள் கார்பெட்டில் படத்தில் வட்டமிட்ட இடங்களில் பழைய மூத்திரக் கறை தெரிகிறது. சாதாரண சுத்தத்தில் வாடை தற்காலிகமாகக் கூடலாம். அதற்கான தனி வேலைக்குச் செலவு இவ்வளவு. வேண்டுமா, வேண்டாமா என்று பதில் அனுப்பவும்." யூவி படம், பின்பக்கப் படம், கூடவே அனுப்புங்கள். முடித்த பிறகு, கழுவிய இடத்திலும் கழுவாத ஓரத்திலும் ஈரம் அளக்கும் மீட்டரைக் குத்தி இரண்டு எண்ணையும் படமெடுங்கள். இரண்டும் நெருங்கி வரும் வரை ப்ளோயரைக் கழற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது.