பேக்ஸ்கேட்டர்: நெல் வயல் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ரேடார் செயற்கைக்கோளை வைத்து நெல் சாகுபடியைக் கணிப்பது பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பயிர்க் கணக்கெடுக்கும் இளைஞர்கள். கையில் ஜி.பி.எஸ். இருக்கும், இயற்பியல் பட்டம் இருக்காது. தொலையுணர்வு, அலைநீளம், படப்புள்ளி எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. பேக்ஸ்கேட்டரில், அதாவது ஒன்றில் பட்டு அனுப்பிய பக்கமே திரும்பும் அலையில், வந்து மாட்டிக்கொண்டேன். பக்கத்துக்கு மூன்று தடவை வரும் சொல் அது. அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுத் தப்பிக்க முடியாது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் சம்பா வளரும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் வானம் மூடிக் கிடக்கும். சாதாரணமாகப் படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். அதனால்தான் ரேடார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2012 ஏப்ரலில் போன ரிசாட்-1, 2022 பிப்ரவரியில் போன இ.ஓ.எஸ்.-04, ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 எல்லாம் இந்த வகை. சென்டினல் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. மேகத்தைச் சட்டை செய்யாது, இரவு பகல் பார்க்காது. படங்களும் இலவசம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நெல் பரப்பைக் கணிக்க இவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது.

அலை மேலிருந்து சாய்வாக இறங்குகிறது. நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி, வந்ததை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடும். செயற்கைக்கோளுக்கு அநேகமாக ஒன்றும் திரும்பாது, படத்தில் வயல் கறுப்பாக விழும். தூர் கட்ட ஆரம்பித்ததும் தண்டிலும் இலையிலும் பட்டு அலை நாலாபக்கமும் தெறிக்கிறது. அதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது. வயல் வாரத்துக்கு வாரம் வெளுக்கிறது. கதிர் வரும் வரை ஏறி, முற்றும்போது நின்றுவிடும், அல்லது லேசாக இறங்கும். ஏரியும் இறால் குட்டையும் கறுப்பாகவே கிடக்கும். முதலில் கறுத்து அப்புறம் வெளுத்தால் அது நெல். மொத்தக் கணக்கும் இதில்தான் நிற்கிறது. அந்தத் திரும்பும் பங்குக்குத்தான் சொல் தேடுகிறேன்.

சென்னைக்காரர்கள் எல்லாருமே இதைப் பார்த்திருக்கிறோம். மழை ராத்திரியில் வேளச்சேரிப் பக்கம் வண்டி ஓட்டினால் ஹெட்லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் தார்ச்சாலை கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த சாலையின் சொரசொரப்பு வெளிச்சத்தில் கொஞ்சத்தை நம் பக்கம் திருப்பும். ஈரச்சாலை அத்தனையையும் முன்னால் அனுப்பிவிடும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், நமக்குக் குழி தெரியாது.

இப்போது சொல்லுக்கு வருவோம். வழக்கில் இருப்பது 'பின்சிதறல்'. எனக்கு இது ஒப்பவில்லை. தமிழில் ஒரு பொருளுக்குப் பின் என்றால் அதன் முதுகுப்பக்கம். இலையில் பட்ட அலை இலைக்குப் பின்னால் போனால் அது செயற்கைக்கோளை விட்டு விலகிப் போகிறது என்று அர்த்தம். நாம் சொல்ல வந்ததற்கு நேர்மாறு! 'மீள்சிதறல்' என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். மீள்பதிவு, மீள்பார்வை என்று பழகிய காதுக்கு அது 'மறுபடியும் சிதறல்' என்றுதான் விழும். நெற்பயிருக்குள் அலை ஒன்றில் பட்டு, இன்னொன்றிலும் பட்டுச் சிதறுவது தனியாக உண்டு. அதற்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

மதுராந்தகம் பக்கம் ஒரு நவரை வயல் வரப்பில் நின்று, பெரியவர் ஒருவரிடம் 'சிதறல்' என்றே விளக்கிப் பார்த்தேன். அவர் கேட்டார்: "சிதறிப் போச்சுன்னா போனதுதானே தம்பி, அப்புறம் எப்படி உங்களுக்குத் திரும்பி வரும்?"

என்னிடம் பதில் இல்லை. பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுகாய் உடைக்கும்போது உடைத்தவர் காலடிக்கே ஒரு சில்லு திரும்பி வருமே, அதைச் சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டார். "அந்தச் சில்லுக்குப் பேர் வையுங்க, காய்க்கு எதுக்கு?" என்றார்.

அதனால் சிதறலை விட்டுவிட்டு, 'மீளலை' என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். மீளும் அலை, வினைத்தொகை. சின்னச் சொல். "நடவின்போது மீளலை குறைவு, தூர் கட்டும்போது மீளலை கூடும்." வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அடித்து நொறுக்க வேண்டியதை அதற்குள் நொறுக்கிவிடுங்கள்.

ஆதம்பாக்கத்திலிருந்து

* * *

தம்பிக்கு,

பின்சிதறல் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் மீளலை வேண்டவே வேண்டாம். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "கடன்ல இருந்து இன்னும் மீளலை" என்று நாம் பேசுவதில்லையா? "இந்த வயலில் மீளலை −20 டெசிபல்" (திரும்பும் அலையின் வலுவைச் சொல்லும் அலகு) என்று எழுதினால், பயிர் வெள்ளத்திலிருந்து தேறவில்லை என்று படிப்பார்கள். பயிர்க் காப்பீட்டுப் பேச்சு நடக்கும் இடத்தில் அந்தச் சொல்லை வைத்தால் வம்புதான். வேளாண் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், எழுத்தில் நாம் ஒன்று நினைப்போம், வரப்பில் வேறொன்றாகக் கேட்கும்.

கையேட்டில் இன்னொன்றும் சேருங்கள். எல்லா நெல்லும் நடவு நெல் இல்லை. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் புழுதியில் நேரடியாக விதைப்பார்கள். விதைக்கும்போது வயலில் தண்ணீர் இருக்காது, உங்கள் கறுப்பும் இருக்காது. மழை வந்து தேங்கிய பிறகுதான் கறுக்கும், அதற்குள் பயிர் முளைத்திருக்கும். கறுத்த தேதியை விதைத்த தேதி என்று எழுதிவிட்டால் வயசுக் கணக்கே தப்பிவிடும். பெருங்காற்று அடித்தாலும் தண்ணீர் அலையடித்து வெளுப்பாகக் காட்டும்.

அம்பத்தூர்

* * *

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது வளசரவாக்கத்தில் இருப்பவள். இங்கே ஒளி எதிரொளிப்பு என்கிறீர்கள், எங்கள் பாடப்புத்தகத்தில் அது ஒளித்தெறிப்பு. 'மீள்தெறிப்பு' என்று வைக்கலாமோ என்று முதலில் யோசித்தேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெறிப்பு என்றால் கண்ணாடியில் நடப்பது. தண்ணீர் நின்ற வயல் செய்வதுதான் தெறிப்பு, அந்த வயல்தான் உங்கள் படத்தில் கறுப்பு. ஆகவே நானே என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் எதிரொளிப்பில் இருக்கும் 'எதிர்' மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைக் கொண்டு ஏதும் செய்யலாமா என்று பாருங்கள்.

* * *

அம்மாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

மீளலையை எடுத்துவிட்டேன். வீட்டில் சத்தமாகப் படித்தபோது என் மகளும் "எது மீளலை?" என்றுதான் கேட்டாள்.

அக்கா காட்டிய வழியில் போனால் விடை பக்கத்திலேயே கிடக்கிறது. மலையில் பட்டு நம்மிடமே திரும்பும் ஒலி எதிரொலி. பயிரில் பட்டு அனுப்பியவனிடமே திரும்பும் அலை 'எதிரலை'. கூப்பிட்டவனுக்கே கேட்கும் என்ற கருத்து அதில் ஏற்கெனவே இருக்கிறது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை. 'எதிர்ப்பலை' என்று தேர்தல் செய்தியில் வருவது கொஞ்சம் உறுத்தும், நெல் கையேட்டில் யாரும் குழம்ப மாட்டார்கள். நிகழ்வையே குறிக்க வேண்டிய இடத்தில், அதாவது பின்னிணைப்பில் மட்டும், 'எதிர்ச்சிதறல்' என்று போடுகிறேன். எதிர்க்கட்சி, எதிர்ச்சொல் மாதிரி ஒற்று மிகும். வேறு கருத்து இருந்தால் தனிமடலில் அடியுங்கள், இங்கே ஒற்றுச் சண்டை ஆரம்பித்தால் அறுவடை வந்துவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "நட்ட வயலில் எதிரலை −20 டெசிபலுக்கும் கீழே போகும். பயிர் தூர் கட்டத் தூர் கட்ட எதிரலை ஏறும்." வாயில் இடறவில்லை. புழுதி விதைப்புக்குத் தனிப் பத்தி சேர்த்துவிட்டேன், காற்று விஷயத்தையும்.

இன்னும் ஒன்று பாக்கி, டபுள் பவுன்ஸ். அலை முதலில் தண்ணீரில் பட்டு, அங்கிருந்து தண்டில் பட்டு, அப்படியே வந்த பக்கம் திரும்புவது. தண்ணீரில் நிற்கும் பயிர் பளிச்சென்று தெரிய இதுவும் ஒரு காரணம். கேரம் ஆடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மூலையை ஒட்டி இரண்டு கட்டையிலும் அடுத்தடுத்துப் பட்டால் ஸ்ட்ரைக்கர் நம்மிடமே வந்து நிற்கும். எங்கள் தெருவில் அதையும் ரீபவுண்ட் என்றே முடித்துவிடுவோம். அம்பத்தூரிலோ வளசரவாக்கத்திலோ தமிழில் ஏதாவது சொல்கிறார்களா? வியாழன் இரவு வரை அந்த இடத்தைக் காலியாக விட்டு வைக்கிறேன்.