5 வோல்ட் வரவேண்டிய எடத்துல 3.8 தான் வருது, யாராச்சும் சொல்லுங்கப்பா

அண்ணாத்தைங்களா, காசிமேட்டுல மாமா போட்டுல போன் சார்ஜ் போடறதுக்கு 12 வோல்ட் பேட்டரியிலேந்து 5 வோல்ட் இறக்கலாம்னு எல்எம்2596 ஐசி, ஃபிக்ஸட் 5 வோல்ட் டைப்பு, நானே டாட் போர்டுல சால்டர் பண்ணேன், லோடு இல்லாம 5.02 ஜம்முனு நிக்குது, போன மாட்னா 1 ஆம்பியர் கூட இழுக்கல அதுக்குள்ள 3.8க்கு படுத்துக்குது. இன்புட்ல அப்பவும் 12.3 இருக்கு, அதனால ஒயர் மேல டவுட் இல்ல.

ஷாட்கி (வேகமா ஸ்விட்ச் ஆவற டையோடு) 1என்5822 கெடைக்கலன்னு கையில இருந்த 1என்4007 டையோட போட்டுட்டேன் (திட்டாதீங்க), தொட்டா கை சுடுது. ஐசி ஸ்விட்ச் ஆவற 150 கிலோஹெர்ட்ஸுக்கு அது ஸ்லோன்னு தெரியும், ஆனா அதால மட்டும் இவ்ளோ டிராப் ஆவுமா? இல்ல பழைய போர்டுலேந்து கழட்டுன காயில் சாச்சுரேட் ஆவுதா (கரண்ட் ஏறுனா கோர்ல காந்தம் நெறஞ்சு போயி காயில் வேலை செய்யாம போவுதா)? மேல 330ன்னு போட்டிருக்கு, கம்பி ரொம்ப மெல்லிசு. கையில மல்டிமீட்டர் மட்டுந்தான். மொதல்ல எத மாத்தறது?