புதுப்பிப்பு: தாத்தாவின் வால்வு ரேடியோ உறுமலை நிறுத்திவிட்டது

வால்யூமை முழுக்கக் குறைத்தாலும், வால்வுகளால் (கண்ணாடிக் குழல்களால்) இயங்கும் இந்தப் பழைய ரேடியோ 'ம்ம்ம்' என்று உறுமுகிறது என எழுதியிருந்தேன். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பவர் சப்ளை கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். அதேதான்! இரண்டு 50 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களை ஒன்றாக அடைத்த அலுமினியக் குவளையின் அடியில் பழுப்பாகப் பிசின் போலக் கசிந்து காய்ந்திருந்தது.

சிங்கப்பூரின் சிம் லிம் டவர் மின்னணுக் கடைத்தொகுதியில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு வாங்கினேன். இன்னும் பெரியதாகப் போட ஆசைதான். ஆனால் மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஈஇசட்80 ரெக்டிஃபயர் வால்வுக்கு 50 மைக்ரோஃபாரட்தான் உச்சம். பழைய குவளையை அழகுக்காக விட்டுவிட்டு, அதன் இணைப்புகளை அறுத்து, புதியவற்றை ரேடியோவின் உலோகச் சட்டமான சேசிஸுக்கு அடியில் பற்றவைத்தேன்.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொட்டேன்.

உறுமல் போனது, ஆனால் சூடானதும் குரல் கரகரத்தது. ஒலிபெருக்கியை இயக்கும் ஈஎல்84 வால்வின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனையில்) பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் 4 வோல்ட்! முந்தைய வால்விலிருந்து சிக்னலை மட்டும் கடத்தவேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டரில் மின்கசிவு. அதையும் மாற்றினேன்.

சரி, நேற்றிரவு சிற்றலையில் ஏதோ ஒரு நிலையம் தெளிவாகக் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நிலையம் சரியாகப் பிடிபடுவதைக் காட்டும் டயலின் பச்சைக் கண் விரிவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.